முத்திரை நோட்டு: இதுவரை மூன்று பக்கம்

டோக்கியோவில் மண்ணைக் காக்கும் சாமிகளின் ஷிந்தோ (ஜப்பானின் பூர்வீக மதம்) கோயில்களுக்குப் போய், 'கோஷூயின்' முத்திரை வாங்க ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது. கும்பிட்டதற்கு அடையாளமாக நோட்டில் முத்திரை பதித்து, மையால் எழுதியும் தருவதுதான் அது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கால் நகர்கிறது, அதனால் மூன்றே பக்கம்.

முதலில் காண்டா மியோஜின். எடோ நகரம் (டோக்கியோவின் பழைய பெயர்) முழுவதற்கும் காவல். செக்கச்செவேலென்ற மண்டபத்தை மரம் என்று நினைத்துக் கிட்டே போனால், கான்கிரீட்! 1923 நிலநடுக்கத்துக்குப் பின் 1934இல் கட்டியதாம். 1945 குண்டுவீச்சிலும் நின்றது. கும்பிட்டு முடித்துத்தான் முத்திரை கேட்க வேண்டும். அதெல்லாம் சரியாகச் செய்தேன். ஆனால் நடுவில் வைத்துக் கொடுத்த ஒற்றுத்தாளை ஆசையில் உருவிப் பார்த்துவிட்டு மூடினேன். எதிர்ப்பக்கத்திலும் சாமி பெயர், இடவலம் மாறி.

அடுத்தது எடோ கோட்டையின் காவல், ஹியே. குன்றுமேல் இருக்கிறது, எஸ்கலேட்டரில் ஏறினேன், வெட்கமில்லை. காவலுக்குக் குரங்குச் சிலைகள்.

மூன்றாவது கோயிலான நெசுவில்தான் நேரம் போனது. இந்தச் சாமிகளுக்கு மூன்று பெயர் உண்டு. உஜிகாமி என்றால் குலத்தின் சாமி, உபுசுனா பிறந்த மண்ணின் சாமி, சின்ஜு இடத்தின் காவல் சாமி. இப்போது மூன்றையும் கலந்துதான் பேசுகிறார்கள். நெசுவோ ஆறாவது ஷோகுன் (அன்றைய ராணுவ ஆட்சியாளர்) இயெனொபுவுக்கு உபுசுனா. கோயிலை 1706இல் கட்டினார்கள். அவருடைய நஞ்சுக்கொடியைப் புதைத்த இடமும் வளாகத்திலேயே இருக்கிறது: கற்களைக் குவித்த சின்ன மேடு. பிறந்த மண் என்பதற்கு இதைவிட நேரடியாக என்ன வேண்டும்? பூச்செடிகளைப் படம்பிடிக்கும் கூட்டம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போன மாதம் எங்கள் தெருவிலேயே ஒன்று கிடைத்தது. காலி மனையில் நாலு பச்சை மூங்கில் நட்டு, வைக்கோல் கயிறு கட்டி, நடுவில் மணல் குவித்திருந்தார்கள். ஜிச்சின்சாய், அதாவது கட்டுமுன் அந்த மண்ணின் சாமியிடம் அனுமதி கேட்கும் பூசை. சரி, எங்கள் தெருவுக்கு எந்தச் சாமி? பக்கத்து வீட்டுத் தாத்தாவைக் கேட்டேன். "தெரியாதா?" என்று சிரித்து, கார் நிறுத்துமிடத்தின் பின்பக்கம் கைகாட்டினார்.

என் உயரம்கூட இல்லாத கோயில். கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய இரண்டு நரி, புதிதாய் வைத்த சகாகி இலை (சாமிக்குப் படைக்கும் பசுமரக் கிளை), ததும்பத் தண்ணீர் வைத்த வெள்ளைக் கிண்ணம். பூசாரி வேறு பல கோயில்களையும் பார்ப்பவர், விழாவுக்குத்தான் வருவாராம். முத்திரை கிடையாது. காண்டாவின் மை படிந்த அந்தப் பக்கத்தில் பென்சிலால் தேதியை மட்டும் எழுதிக்கொண்டு வந்தேன்.