தெருக்குறளைக் குழாயில் போட்டுக் கேளுங்கள்

ராப் பாடகர் அறிவு என்றால் எங்கள் பக்கம் எல்லோருக்கும் 2021-ல் வந்த எஞ்ஜாய் எஞ்சாமிதான். அது வந்தபிறகு எந்த ஊர்த் திருவிழாவிலும் அந்தப் பாட்டு ஓடாமல் இருந்ததில்லை, எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனால் அதற்கு முன்னால், 2019-லேயே, அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் சேர்ந்து ‘தெருக்குறள்’ என்று ஒரு ஆல்பம் போட்டிருக்கிறார்கள். படம் கிடையாது, ஹீரோ கிடையாது, ஒருவர் எழுதிப் பாடுகிறார், இன்னொருவர் இசையைப் பார்த்துக்கொள்கிறார், அவ்வளவுதான். நான் கேட்ட தமிழ் ராப் எல்லாவற்றிலும் இதைத்தான் முதலில் வைப்பேன். எஞ்சாமியோடு நிறுத்திக்கொண்டவர்கள் கொஞ்சம் பின்னால் போய் இதையும் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்துக்கு மதுரை மேலூர்ப் பக்கம் மைக்செட் தொழில். முளைப்பாரி, காதுகுத்து, கட்சிக் கூட்டம், கேதம் எல்லாவற்றுக்கும் போவோம். இப்போது பெரும்பாலும் பாக்ஸ்தான் கேட்கிறார்கள், இருந்தாலும் மாமா பழைய குழாய் ஸ்பீக்கர்களை விற்கவில்லை, கிராமத்தில் இன்னும் சில வீட்டில் குழாய் கட்டினால்தான் விசேஷம் என்பார்கள். குழாயைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அதில் கனமான சத்தம் ஏறாது. பேஸ் எல்லாம் போய்விடும், நடுவில் இருக்கும் குரல் மட்டும் பளிச்சென்று கண்மாய்க்கரை தாண்டிக் கேட்கும். அதனால் இப்போது வரும் பாட்டுகளில் பாதி குழாயில் போட்டால் வெறும் இரைச்சல்தான், அடியை எடுத்துவிட்டால் அங்கே ஒன்றுமே இல்லை என்பது தெரிந்துபோகும்.

தெருக்குறளை ஒரு நாள் கடை வாசலில் ஆம்ப்ளிஃபையர் சரிபார்க்கும்போது குழாயில் போட்டேன். பேஸ் போய்விட்டது, சொல் ஒன்றுகூடப் போகவில்லை. வேகமாகப் பாடும் இடத்தில்கூட வல்லின எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து விழுகிறது, வரியின் தொடக்கத்திலேயே எதுகையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார், மூச்சு எங்கே வாங்குகிறார் என்று நமக்குத் தெரிவதற்குள் அடுத்த வரி வந்துவிடுகிறது. நிறையப் பேர் இங்கிலீஷ் ராப்பின் தாளத்துக்குத் தமிழை மடக்கித் திணிப்பார்கள், அப்போது குறில் நெடிலாகும், நெடில் குறிலாகும், கேட்கக் கஷ்டமாக இருக்கும். இவரிடம் அது இல்லை. தெருவில் இரண்டு பேர் வாக்குவாதம் பண்ணும்போது தமிழ் எந்த வேகத்தில் வருமோ அந்த வேகம்தான். ஆஃப்ரோவும் அந்தக் குரலுக்கு இடம் விட்டிருக்கிறார், அதற்கு அவரைத் தனியாகப் பாராட்ட வேண்டும். கொட்டி நிரப்பியிருக்கலாம், அவர் அதைச் செய்யவில்லை. மாமா பழைய பாட்டுக்காரர், ராப் என்றாலே எழுந்து போய்விடுவார், அன்றைக்கு ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே நின்று கேட்டுவிட்டு, “மாப்ள, இவன் வாத்தியார்கிட்ட ஒழுங்காத் தமிழ் படிச்ச பய” என்றார்.

இன்னொன்று. பொற்றாமரைக் குளத்தில் சங்கப் பலகை மிதந்தது, அதில்தான் திருக்குறள் அரங்கேறியது என்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அப்படிப்பட்ட ஊர்ப்பக்கம் இருந்துகொண்டு ‘தெருக்குறள்’ என்ற பேரைக் கேட்டால், தைரியமான ஆள்தான் என்று முதலிலேயே தோன்றிவிடும். அந்தப் பேரைத் தாங்கும் அளவுக்கு எழுதியும் இருக்கிறார்.

ஆல்பத்தில் ‘ஆன்டி இந்தியன்’ பாட்டு எல்லோருக்கும் பிடிக்கும் வகை. கேள்வி கேட்டால் தேசவிரோதி என்று முத்திரை குத்துகிறவர்களுக்குப் பதில். ‘கள்ளமௌனி’ எனக்கு அதைவிட ஒருபடி மேல். வாய் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காமல் இருக்கிறவர்கள் மேல் வரும் கோபம் அது. சாதி விஷயத்தில் எங்கள் பக்கம் என்ன நடந்தாலும் ஊரே கம்மென்று இருக்கும், டீக்கடையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். அதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவனுக்கு இந்தப் பாட்டு எங்கே போய்த் தைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் ‘ஸ்னோலின்’. 2018 மே 22, ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள், தூத்துக்குடியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது, அன்றும் மறுநாளுமாக 13 பேர் செத்தார்கள். பிளஸ் டூ முடித்திருந்த ஸ்னோலின் அவர்களில் ஒருவர். எங்களுக்கு இது வேறு ஊர்ச் செய்தி இல்லை. அந்தத் துப்பாக்கிச் சூட்டை சிபிஐ விசாரிக்க வேண்டும் என்று அந்த ஆகஸ்டில் உத்தரவு போட்டது இங்கே இருக்கிற உயர் நீதிமன்றக் கிளைதான். மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறினால் ஒத்தக்கடைக்கு முன்னாலேயே அந்தக் கட்டடம் வந்துவிடும். அதைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அந்தப் பேர் ஞாபகம் வருவதற்கு இந்தப் பாட்டுத்தான் காரணம். செய்தி என்றால் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன்.

எங்கள் அப்பத்தா ஒப்பாரி பாடுகிறவர். கூலிக்கு இல்லை, சொந்தபந்தத்தில் கேதம் என்றால் மாரடிக்க முதல் ஆளாக உட்காருவார். அவருக்கு இந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். ராப்பின் வேகம் பிடிபடவில்லை, பாதிச் சொல் புரியவில்லை என்றார். ஆனால் நடுவில் நிறுத்தச் சொல்லி, “ஏய்யா, இது செத்த பிள்ளைக்குப் பாடுறதா? அவுக ஆத்தா இதைக் கேட்டாளா?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. சுட்டது யார், எதற்குச் சுட்டார்கள் என்று விவரம் கேட்டார், சொன்னேன். பிறகு முதலிலிருந்து போடச் சொன்னார். ஒப்பாரியில் செத்தவர் பேரைச் சொல்லிச் சொல்லித்தான் அழ வேண்டும், பேரை விட்டுவிட்டால் அது அழுகையே இல்லை என்பார் அப்பத்தா. இந்தப் பாட்டுக்குத் தலைப்பே அந்தப் பெண்ணின் பேர்தான்.

இதற்கு முன்னால் ‘காலா’ படத்தில் உரிமையை மீட்போம் பாட்டை எழுதியதும் அறிவுதான், தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக் குழுவிலும் பாடியிருக்கிறார். மேடையில் அத்தனை பேரோடு அந்தக் குழு வந்து நிற்பது பெரிய விஷயம், அதில் சந்தேகமில்லை. ஆனால் தெருக்குறளில் கிடைக்கிற நெருக்கம் வேறு. ஒரே குரல், காதுக்குப் பக்கத்தில். பின்னால் வந்த பெரிய பெரிய வேலைகளில்கூட எனக்கு அது இந்த அளவுக்குக் கிடைக்கவில்லை.

திருவிழாவில் போடலாமா என்று கேட்டால், சாமி புறப்பாட்டுக்குப் போட முடியாது, கமிட்டிக்காரர்கள் விட மாட்டார்கள். மதியம் கூட்டம் சேராத நேரத்தில், குழாய் சோதிக்கிற சாக்கில் நான் போடுவேன். ‘கள்ளமௌனி’யில் ஆரம்பிப்பேன். யாராவது பையன் பக்கத்தில் வந்து “அண்ணே, இது என்ன பாட்டு?” என்று கேட்பான். பேரைச் சொல்லி அவன் போனிலேயே தேடி எடுத்துக் கொடுத்துவிடுவேன். நீங்களும் அதிலிருந்தே ஆரம்பியுங்கள், அடுத்து ‘ஆன்டி இந்தியன்’. ‘ஸ்னோலின்’ மட்டும் வேறு வேலை எதுவும் இல்லாதபோது கேளுங்கள்.