கொலராடோவில் ஆற்றுக்குத் தண்ணீர்க் கணக்கு ஒப்பித்த கதை

நாலு மாத அலைச்சலுக்குப் பிறகு போன வாரம்தான் மாநில நீர்வளத் துறையிடமிருந்து "கணக்கு ஏற்கப்பட்டது" என்று ஒற்றை வரியில் மின்னஞ்சல் வந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கொலராடோ கிராமப்புறத்தில் மனை பார்க்கும் நம்மவர்களுக்கு உதவும்.

எங்கள் லேஅவுட் ஆர்கன்சா நதிப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. 22 வீடு, வீட்டுக்கு ஒரு போர்வெல். போர் நம் மனையில் இருந்தாலும் அதில் ஊறுவது ஆற்றுக்குப் போய்ச் சேர வேண்டிய தண்ணீர் என்பதுதான் இங்கே சட்டம். அந்த ஆற்றுத் தண்ணீருக்கோ 1860-களிலிருந்து வாய்க்கால் வெட்டி உரிமை வாங்கியவர்கள் வரிசையில் முன்னால் நிற்கிறார்கள். நாம் உறிஞ்சிக் குறைத்ததை வேறெங்கிருந்தாவது கொண்டுவந்து ஆற்றில் விட வேண்டும். எங்கள் வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கு ஒரு பழைய வாய்க்காலில் பங்கு உண்டு. அதில் பாய்ந்த புல்வயலைத் தரிசாகப் போட்டுவிட்டு, அந்தத் தண்ணீரைக் குட்டையில் தேக்கி மாதாமாதம் ஆற்றுக்கு விடுகிறோம். எல்லாம் தண்ணீர் உரிமை வழக்குகளுக்கென்றே இருக்கும் தண்ணீர் நீதிமன்றத்தின் தீர்ப்பாணைப்படி.

அளவைப் பார்த்தால் சிரிப்பு வரும். வீட்டுக்குள் புழங்கும் தண்ணீரில் 90 சதவீதம் செப்டிக் டேங்க் வழியாக நிலத்துக்கே திரும்பிவிடுவதாகக் கணக்கு. வீட்டுக்கு வருடத்துக்கு 0.3 ஏக்கர்-அடி, சுமார் 3.7 லட்சம் லிட்டர். அதில் 37,000 லிட்டர்தான் ஆற்றுக்குக் கடன், மூன்று டேங்கர் லாரிதான். செடிக்கு விட்டால் பெரும்பகுதி ஆவியாகிப் போகும் என்பதால், எங்கள் பெர்மிட்டில் வெளியே ஒரு தொட்டிச் செடிக்குக்கூட ஊற்றக் கூடாது.

பழைய செயலாளர் வேறு ஊருக்குக் குடிபோனதும் ஒன்றரை வருடமாகக் கணக்கை யாரும் அனுப்பவில்லை. 45 நாளில் வராவிட்டால் போர்களை நிறுத்த உத்தரவு வரும் என்று துறையிலிருந்து கடிதம். சங்கக் கூட்டத்தில் "உனக்குத்தான் எக்செல் நன்றாக வருமே" என்று என் தலையில் கட்டினார்கள். அவகாசம் கேட்டேன், கிடைத்தது. அதொன்றுதான் சுலபமாக நடந்தது.

தீர்ப்பாணையின் நகல் யாரிடமும் இல்லை. ஒரு மணி நேரம் கார் ஓட்டிப் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா எதையோ தட்டிப் பார்த்து, கட்டணம் வாங்கிக்கொண்டு, "உங்களுக்கு வேண்டியது இதுதான்" என்று ஒரு உறையைக் கொடுத்தார். வீட்டில் பிரித்தால் மனை வரைபடம்! மறுபடியும் போனேன். "தண்ணீர் வழக்கு எங்களிடம் கிடையாதே" என்றார், நான் ஏதோ தப்பாகக் கேட்ட மாதிரி. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் அரை நாள் சம்பளம் மிஞ்சியிருக்கும்.

ஆர்கன்சா படுகைக்கான தண்ணீர் நீதிமன்றம் பியூப்ளோவில் இருக்கிறது. அங்கே வழக்கு எண் கேட்பார்கள். அது என் போர் பெர்மிட்டிலேயே பொடி எழுத்தில் இருந்தது, இத்தனை நாள் நான்தான் பார்க்கவில்லை. மனை வாங்கும் முன்பே பெர்மிட்டை வாங்கி, அந்த எண்ணைக் கண்டுபிடித்து, தீர்ப்பாணையை ஒரு முறை படித்துவிடுங்கள். தரகர் "போர் இருக்கு சார்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

அடுத்தது மீட்டர். 22 வீட்டு அளவையும் கூட்டிப் போட்டு அனுப்பினேன், திரும்பி வந்தது. ஐந்து மீட்டர்கள் கன அடியில் ஓடுகின்றன, மற்றவை கேலனில். ஒரு கன அடிக்கு 7.48 கேலன். நான் எல்லாவற்றையும் கேலன் என்று கூட்டியிருந்தேன். தப்பு என்னுடையதுதான். இப்போது ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில், அலகு தெரிகிற மாதிரி மீட்டரைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

நடுவில் ஜனவரிக் குளிரில் குட்டையின் வால்வு உறைந்து, அந்த மாதத் தண்ணீரை விட முடியவில்லை. கமுக்கமாக இருந்துவிடலாமா என்று தோன்றியது. எங்கள் பக்கத்து ஆற்றைக் கண்காணிக்கும் கமிஷனரைக் கூப்பிட்டேன். திட்டுவார் என்று நினைத்தால், "இன்றைக்கே எழுதிப் போடு. சொல்லிவிட்டுத் தாமதமாக விடுவது வேறு, நானாகக் கண்டுபிடிப்பது வேறு" என்றார். பிப்ரவரியில் சேர்த்து விட்டோம். குட்டையில் ஆவியாகும் தண்ணீரும் எங்கள் கடனில் சேரும் என்பதையும் போகிற போக்கில் அவர்தான் சொன்னார். இன்றைக்கு போரை மூடினாலும் அதன் பாதிப்பு ஆற்றைத் தொட மாதங்கள், சில இடங்களில் வருடங்கள் ஆகுமாம். அதுவரை ஈடு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இவ்வளவு கெடுபிடிக்கும் காரணம் உண்டு. இந்த நதி அடுத்துப் பாயும் மாநிலம் கான்சாஸ். இரு மாநிலங்களின் 1948 நதிநீர் ஒப்பந்தத்தை மீறி கொலராடோக்காரர்கள் போர்வெல்லில் இறைக்கிறார்கள் என்று கான்சாஸ்காரர்கள் 1985-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 1995-ல் ஜெயித்தார்கள். கொலராடோ 3.4 கோடி டாலருக்கு மேல் கட்டியது. காவிரிக் கணக்கை வேடிக்கை பார்த்து வளர்ந்தவனுக்கு இது புரியாதா என்ன?

அம்மாவுக்குத்தான் புரியவில்லை. திண்டுக்கல்லிலிருந்து போனில், "நம்ம கெணத்துத் தண்ணிக்கு ஆத்துக்கிட்ட கணக்குச் சொல்றியாடா? மழத்தண்ணியவாவது பிடிச்சு வை" என்றார். ஊரில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். இங்கே 2016 வரை பெரும்பாலான வீடுகளில் கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடிப்பதே சட்டப்படி தப்பு. இப்போது இரண்டு பீப்பாய், மொத்தம் 110 கேலன் வரை வைத்துக்கொள்ளலாம். வாங்கி வைத்துவிட்டேன், தக்காளிக்கு அதுதான்.

மார்ச் கணக்குக்கு இன்னும் மூன்று வீட்டு மீட்டர் படம் வரவில்லை. நாளைக்கு ஞாயிறு. கதவைத் தட்டப் போகிறேன்.