கீழாநெல்லியும் 96 குழித் தட்டும்

எலைசா என்ற ரத்தப் பரிசோதனைக்கான தட்டில் 96 குழிகள் இருக்கும். சீரத்தில், அதாவது ரத்தத்தின் தெளிநீரில், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதமான ஆன்டிஜென் இருந்தால், கடைசிப் படியில் அந்தக் குழி நீலமாகும். அமிலம் விட்டதும் பளிச்சென்று மஞ்சளாகிவிடும். ஆன்டிஜென் இல்லாதவரின் குழி தண்ணீர் மாதிரி கிடக்கும். கல்லீரல் ஆராய்ச்சிக்கூடத்தில் என் முதல் பத்து வருடங்கள் இந்த மஞ்சளைப் பார்த்தே போயின. காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1990களின் தொடக்கத்தில். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் 1988இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். இந்த வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற பாருக் புளும்பெர்க்கும் அதை எழுதியவர்களில் ஒருவர். வைரஸை நாட்பட்டுச் சுமந்தவர்களில் 37 பேர் 30 நாள் கீழாநெல்லிப் பொடி சாப்பிட்டதில் 22 பேருக்கு ஆன்டிஜென் மறைந்திருந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும்தான் மறைந்தது. காமாலை வந்தால் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடித்து வளர்ந்தவன் நான். பாட்டியே லான்செட்டில் எழுதிவிட்ட மாதிரி இருந்தது. ஆனால் அப்புறம் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தபோது ஆன்டிஜென் அசையவில்லை.

எங்களிடம் ரத்தம் கொடுக்க வந்தவர்களில் பலர் தங்களை நோயாளிகளாகவே நினைக்கவில்லை. வளைகுடா வேலைக்கு மெடிக்கல் போய் 'அன்ஃபிட்' ஆகித் திரும்பிய இளைஞர்கள். உடம்பில் ஒரு தொந்தரவும் இருக்காது. ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்துக்கு வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். "எப்படியாவது நெகட்டிவ் ஆக்கிக் குடுங்க சார்" என்பார்கள், ஏதோ ரேஷன் கார்டில் பேர் திருத்துவது போல.

எங்களிடம் முதலில் மஞ்சள் காட்டிய ராமநாதபுரம் பக்கத்து வெல்டர் ஒருவர், ஊரில் வைத்தியரிடம் கீழாநெல்லி சாப்பிட்டுவிட்டு ஐந்து மாதம் கழித்து வந்தார். குழி தண்ணீராகக் கிடந்தது. நம்பாமல் மறுபடி போட்டேன். தண்ணீர்தான்.

மறுநாள் அவருடைய பழைய மாதிரியைத் தேடி ஃப்ரீசரைத் திறந்தேன். பனி மூடிய பெட்டிகள், பேனா மை அழிந்த லேபிள்கள், கையுறைக்குள்ளேயே மரத்துப்போன விரல்கள். ஒருவழியாகக் கிடைத்ததில் கோர் ஐஜிஎம் பார்த்தேன். தொற்று புதிதாக வந்தபோது உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் அது. எகிறியிருந்தது. அநேகமாக அவருடையது புதிதாக வந்த தொற்று. பெரியவர்களாகி இந்தத் தொற்று வந்தால் 100க்குச் சுமார் 95 பேர் தாங்களாகவே ஆறு மாதத்துக்குள் வைரஸை விரட்டிவிடுவார்கள். பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து தொற்றினால்தான் 90 பேர்வரை அதை நாட்பட்டுச் சுமப்பார்கள்.

முதல் நாளே இந்தச் சோதனையைச் செய்திருக்க வேண்டும். கிட் விலை அதிகம், திட்டத்தில் இல்லை என்று நான்தான் விட்டுவிட்டேன். செய்து சொல்லியிருந்தால் கொஞ்சம் பொறுத்துப் பார்த்திருப்பார். வைத்தியருக்கு எவ்வளவு கொடுத்தார் என்று நான் கேட்கவும் இல்லை.

எல்லாவற்றையும் படம் போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இருக்கட்டும் சார், மருந்தும் கொஞ்சம் வேலை செஞ்சிருக்கும்ல?" என்றார். இல்லை என்று அடித்துச் சொல்ல, அதே உடம்போடு மருந்து சாப்பிடாத இன்னொரு அவர் எனக்குத் தேவைப்பட்டார். கல்லீரல் தன்பாட்டில் ஆறிக்கொள்ளும் உறுப்பு. நல்ல பெயரை மாத்திரையோ மூலிகையோ தட்டிக்கொண்டு போய்விடும்; எங்கள் துறையின் தீராத தலைவலி இது.

சவுதிக்குக் கிளம்புமுன் தன் ஊர்க்காரர்கள் மூன்று பேரை அதே வைத்தியரிடம் அனுப்பிவிட்டுப் போனார். இந்தமுறை நான் ஏமாறவில்லை, மருந்துக்கு முன்பே மூன்று பேருக்கும் கோர் ஐஜிஎம் பார்த்தேன். இல்லை. பழைய தொற்று. கீழாநெல்லியை அவர்கள் விடவில்லை, நானும் தடுக்கவில்லை. பத்து மாதம் கழித்து ஒரே தட்டில் மூன்று மாதிரிகளையும் வைத்தேன். மூன்று குழிகளும் மஞ்சள்.

லீவில் வந்த வெல்டர் பேரீச்சம்பழப் பாக்கெட்டோடு என்னைப் பார்க்க வந்தார். தட்டில் பார்த்ததைச் சொன்னேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"பத்தியம் இருந்திருக்க மாட்டானுங்க சார். மீனு, புளி எல்லாம் தின்னிருப்பானுங்க."