கும்மிடிப்பூண்டி ஈயமும் அம்மாவின் 64 பங்கும்

செப்டம்பர் 20, 2025, சனி

காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே மச்சான் வந்து நின்றான். ஜெராக்ஸ் எடுக்க இல்லை, ஐபிஓ பேச, அதாவது ஒரு கம்பெனி முதல்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்பதைப் பற்றி. ஜெயின் ரிசோர்ஸ் ரீசைக்கிளிங், 24-ம் தேதி திறக்கிறது. விலை 220 முதல் 232 வரை, ஒரு லாட்டுக்கு, அதாவது குறைந்தபட்ச விண்ணப்பத்துக்கு, 64 பங்கு, உச்ச விலையில் போட்டால் 14,848 ரூபாய்.

"நம்ம பக்கத்து கம்பெனி மாமா. கும்மிடிப்பூண்டி சிப்காட்லதான் ஃபேக்டரி. நாலு பேர் பேர்ல போட்ருவோம்."

பொன்னேரியிலிருந்து ரயில் ஏறினால் அடுத்து கவரைப்பேட்டை, அதற்கடுத்து கும்மிடிப்பூண்டி. பக்கத்து கம்பெனிதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே என்ன செய்கிறார்கள் என்று கேட்டால், "ரீசைக்கிளிங் மாமா, கிரீன்" என்பதற்கு மேல் அவனிடம் பதில் இல்லை. ஜிஎம்பி, அதாவது பங்கு சந்தைக்கு வரும் முன்பே வெளியில் அதிகாரபூர்வமில்லாமல் பேசப்படும் கூடுதல் விலை, எவ்வளவு என்பது மட்டும் காலை விலை, மதிய விலை என்று தனித்தனியாகத் தெரிந்து வைத்திருக்கிறான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மகாளய அமாவாசை. கடை இல்லை. படையல் முடிந்து உண்ட மயக்கத்தில் கம்பெனியின் ஆர்ஹெச்பியை, அதாவது ஐபிஓவுக்கு முன் வெளியிடும் விவர அறிக்கையை, திறந்தேன். நூற்றுக்கணக்கான பக்கம். மொத்தத்தையும் படித்தேன் என்று சொன்னால் பொய்.

இந்த வெளியீடு 1,250 கோடி. அதில் 500 கோடிதான் கம்பெனிக்குள் போகிறது. மிச்சம் 750 கோடி, ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்கள் தங்கள் பங்கை விற்று எடுத்துக்கொள்வது. உள்ளே போகும் 500 கோடியிலும் 375 கோடி கடன் அடைக்க. புது உலை, புது ஊர் என்றெல்லாம் கனவு காண்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருப்பார்கள். கடன் அடைப்பது கெட்ட காரியம் இல்லை. இந்தத் தொழிலில் ஸ்கிராப்புக்குக் காசு முதலில் கொடுத்தாக வேண்டும், விற்ற காசு பின்னால்தான் வரும். நடுவில் ஓடுவது வங்கிப் பணம், அதற்கு வட்டி.

2024-25-ல் லாபம் சுமார் 223 கோடி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விற்பனை ஆறாயிரம் கோடிக்கு மேல். நூறு ரூபாய்க்கு விற்றால் நான்கு ரூபாய்கூட நிற்கவில்லை. என் ஜெராக்ஸ் கடையில் இதைவிட அதிகம் நிற்கும், கடைதான் சின்னது.

செப்டம்பர் 23, செவ்வாய்

ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், மச்சான், கூரியர் தினேஷ். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் மூன்று பேரும் என் கடை பெஞ்சில்தான். இன்றைய பேச்சு கிராவிட்டா.

ஜெய்ப்பூர்க் கம்பெனி, அதுவும் பழைய பேட்டரியிலிருந்து ஈயம் எடுப்பதுதான். 2020 மார்ச்சில் ஐம்பது ரூபாய்க்குக் கீழே கிடந்த பங்கு, 2024-ல் 2,000 ரூபாயைத் தாண்டியது. ரீசைக்கிளிங் என்ற பெயரில் எது வந்தாலும் சின்ன முதலீட்டாளர்கள் பாய்வதற்கு இந்த ஒரு கதை போதும். போன வருஷம் செப்டம்பரில் நமோ ஈவேஸ்ட் வந்தது நினைவிருக்கிறது. எஸ்எம்இ பங்கு, அதாவது சிறு நிறுவனங்களுக்கான பிரிவில் வந்தது, 85 ரூபாய் விலை. முதல் நாள் 161.50-ல் திறந்தது. அதற்கு மேல் திறக்க முடியாது, ஏனென்றால் எஸ்எம்இ பங்குகள் வெளியீட்டு விலையைவிட 90 சதவீதத்துக்கு மேல் திறக்கக் கூடாது என்று அதற்கு இரண்டு மாதம் முன்புதான் தேசியப் பங்குச் சந்தை (என்எஸ்இ) கட்டுப்பாடு வைத்தது. வரம்பைத் தொட்டு நின்ற பங்கைப் பார்த்தபின் யாரைத்தான் பிடிக்க முடியும்?

வாத்தியார் சொன்னார்: "கிராவிட்டாவை 2020-ல வாங்கினவங்க எத்தனை பேர், 2024 வரைக்கும் வச்சிருந்தவங்க எத்தனை பேர், அதைச் சொல்லு முதல்ல." தினேஷிடம் பதில் இல்லை. கேட்ட வாத்தியாரும் லிஸ்டிங் அன்றே, அதாவது பங்கு சந்தைக்கு வந்த முதல் நாளே, விற்பவர்தான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

செப்டம்பர் 24, புதன்

நான்கு விண்ணப்பம் போட்டாயிற்று. என் பெயரில், மனைவி பெயரில், மச்சான் பெயரில், அம்மா பெயரில். அம்மாவுக்கு யுபிஐ மேண்டேட் (பணத்தை ஒதுக்கிவைக்க அனுமதி கேட்பது) வந்து, அதை அவர் கையாலேயே ஒப்புதல் கொடுக்க வைப்பதற்குள் கொலுவுக்கு வந்தவர்கள் சுண்டல் சாப்பிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அம்மா கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "எதை விக்கிற கம்பெனி?" பழைய பேட்டரி, பழைய செம்புக் கம்பி எல்லாவற்றையும் வாங்கி உருக்கி ஈயம், செம்பு விற்கிறார்கள் என்றேன். "அப்போ பெரிய காயலாங்கடை" என்றார். ஆர்ஹெச்பியை இதைவிடச் சுருக்க முடியாது.

செப்டம்பர் 25, வியாழன்

தினேஷ் வண்டியை நிறுத்தும்போதே கத்திக்கொண்டு வந்தான். "காப்பர் பறக்குது சார்!" உண்மைதான். இந்தோனேசியாவில் கிராஸ்பெர்க் சுரங்கத்தில் இம்மாதம் சேறு சரிந்து ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். சொன்ன அளவு செம்பு தர முடியாது என்று சுரங்கத்தை நடத்தும் ஃப்ரீபோர்ட் நேற்று கையை விரித்துவிட்டது. லண்டன் சந்தையில் செம்பு டன் 10,000 டாலரைத் தாண்டிவிட்டது. ஐபிஓ திறந்த அதே நாளில்!

செம்பு ஏறினால் ரீசைக்கிளிங் கம்பெனிக்குக் கொண்டாட்டம் என்று அவன் கணக்கு. நான் கேட்டேன்: "செம்பு ஏறினா பழைய செம்புக் கம்பி ஏறாதா?" காயலாங்கடைக்காரர் கைப்பேசியில் லண்டன் சந்தை (எல்எம்இ) விலை பார்க்காமல் இப்போதெல்லாம் யாரும் விற்பதில்லை. வாங்கும் விலையும் ஏறும், விற்கும் விலையும் ஏறும். நடுவில் இருக்கும் இடைவெளிதான் இவர்கள் பிழைப்பு. கையில் பழைய விலைக்கு வாங்கிய சரக்கு கிடந்தால் கொஞ்சம் அதிர்ஷ்டம் அடிக்கும், அவ்வளவுதான். பெரிய கம்பெனிகள் அந்த அதிர்ஷ்டத்தையும் வேண்டாம் என்று விலையை முன்கூட்டியே பூட்டி ஹெட்ஜ் செய்துவிடும், ஏனென்றால் அதே அதிர்ஷ்டம் இறங்கும்போது கழுத்தை நெரிக்கும்.

தினேஷுக்கு இது பிடிக்கவில்லை. டீ குடிக்காமலே போய்விட்டான்.

செப்டம்பர் 29, திங்கள்

அலாட்மென்ட், யாருக்குப் பங்கு கிடைத்தது என்று தெரியும் நாள். எனக்கு இல்லை, மனைவிக்கு இல்லை, மச்சானுக்கு இல்லை. அம்மாவுக்கு ஒரு லாட். வாத்தியாருக்கு ஒன்று. தினேஷுக்கு விழவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுதபூஜை. கடையை ஒழித்தேன். மூலையில் ஒரு வருஷமாகக் கிடந்த இன்வெர்ட்டர் பேட்டரியை ஒரு வழியாகக் காயலாங்கடைக்கு ஏற்றினோம். மச்சானை வேண்டுமென்றே கூட்டிப் போனேன்.

கடைக்காரர் பேட்டரியைச் சாய்க்கவே விடவில்லை. "ஆசிட்டோடதானே இருக்கு? யாராவது வடிச்சீங்களா?" என்று கேட்டு, ஒவ்வொரு மூடியாகத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். ஆசிட்டோடு ஒரு விலை, வடித்தது ஒரு விலை. தராசில் வைத்தார்: 54 கிலோ. கிலோ 82 ரூபாய் என்றார். 4,428 ரூபாயை நூறும் ஐநூறுமாக எண்ணிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் மச்சானிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்த 54 கிலோவில் ஈயம் என்பது பாதிக்குச் சற்று மேல், ஒரு 32 கிலோ என்று வை. மிச்சம் ஆசிட், பிளாஸ்டிக் பெட்டி, தகட்டுக்கு நடுவில் வைக்கும் ஷீட். லண்டனில் ஈயம் டன் சுமார் 2,000 டாலர், டாலர் 88 ரூபாய், ஆக கிலோ 176. 32 கிலோவுக்கு 5,632 ரூபாய். எனக்குக் கிடைத்தது 4,428. நடுவில் இருப்பது 1,200 ரூபாய். அதில்தான் இந்தக் காயலாங்கடை, இவரிடம் மொத்தமாக எடுக்கும் ஏஜென்ட், லாரி, பேட்டரியை உடைக்கும் கூலி, ஆசிட்டைச் சுத்திகரிக்கும் செலவு, உலைக்கு எரிபொருள், புகையைப் பிடிக்கும் ஃபில்டர், வங்கி வட்டி எல்லோரும் பங்கு போட வேண்டும். பிளாஸ்டிக்கைக் கழுவி விற்பதில் ஏதோ கொஞ்சம் வரும்.

கள்ளத்தனமாகக் காட்டுப் பக்கம் அடுப்பு வைத்து உருக்குகிறவனுக்கு ஃபில்டரும் கிடையாது, ஆசிட் சுத்திகரிப்பும் கிடையாது, மண்ணில் ஊற்றிவிடுவான். அதனால் அவன் காயலாங்கடைக்குக் கிலோவுக்குச் சில ரூபாய் கூடக் கொடுக்க முடியும். முறையான தொழிற்சாலைக்கு உண்மையான போட்டி அவன்தான். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள், பேட்டரி செய்கிறவனே பழையதைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும் என்கின்றன. அது ஒழுங்காக நடந்தால் சரக்கு முறையான உலைகளுக்குத் திரும்பும். கிராவிட்டா, நம் சென்னையின் பாண்டி ஆக்சைட்ஸ், இப்போது இந்த ஜெயின் எல்லாவற்றின் மீதும் ஆசை வைப்பதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஜிஎம்பி இல்லை.

மச்சான் பொறுமையாகக் கேட்டான். அப்புறம், "நாளைக்கு எத்தனைல மாமா ஓப்பன் ஆகும்?" என்றான்.

அக்டோபர் 1, புதன்

ஜெராக்ஸ் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், பொரி, கடலை. லேப்டாப்பும் பூஜையில். மூடியிருக்க வேண்டிய லேப்டாப், சந்தனப் பொட்டோடு திறந்திருந்தது. ஊருக்கு விடுமுறை, மும்பைச் சந்தைக்கு நாளைக்குத்தான் விடுமுறை.

பத்து மணிக்கு ஜெயின் பங்கு 265 ரூபாயில் திறந்தது. 232-க்கு வாங்கியது, பங்குக்கு 33 ரூபாய் லாபம், 64 பங்குக்கு 2,112. இதில் குறுகிய கால லாப வரி 20 சதவீதம், பங்கை மின்னணுவாக வைத்திருக்கும் டீமேட் கணக்குக்கான டிபி சார்ஜ், அது இது போனால் கையில் நிற்பது 1,700-க்குக் கீழே. நேற்று ஒரு செத்த பேட்டரிக்கு வந்தது 4,428.

மச்சான் விரல் துடித்தது. அம்மா கூடாது என்று தலையாட்டிவிட்டார். "பூஜை அன்னிக்கு வீட்ல இருந்து எதையும் விக்கக் கூடாது." பங்கு வீட்டில் இல்லை, டீமேட்டில் இருக்கிறது என்று மச்சான் வாதாடினான். டீமேட் எங்கே இருக்கிறது என்று அம்மா திருப்பிக் கேட்டார். வழக்கு தள்ளுபடி.

வாத்தியார் முதல் நிமிஷத்திலேயே விற்றுவிட்டார். பங்கு திறந்த விலையைவிட மேலே போனது. மதியம் போன் செய்து, "எவ்வளவு காட்டுது இப்போ?" என்றார். இரண்டு முறை கேட்டார்.

அக்டோபர் 3, வெள்ளி

வாத்தியாரை எதுவும் சொல்வதற்கில்லை. ஐபிஓவில் தனிநபர்கள் வாங்கும் பங்கில், மதிப்புக் கணக்கில் பாதியை ஒரே வாரத்தில் விற்றுவிடுகிறார்கள் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டாளரான செபியின் ஆய்வே போன வருஷம் சொன்னது. இங்கேயும் விற்றவர்களில் பெரும்பாலானவர்களுக்கு உலை எந்தப் பக்கம் இருக்கிறதென்று தெரிந்திருக்காது. வாங்கியவர்களுக்கும்தான்.

மச்சான் இப்போது அம்மாவை "அனலிஸ்ட்" என்று கூப்பிடுகிறான். அம்மாவுக்கு அது வசவா பாராட்டா என்று சந்தேகம்.

அக்டோபர் 7, செவ்வாய்

ரீசைக்கிளிங் பேச்சு அடங்கிவிட்டது. நேற்று டாடா கேப்பிடல் ஐபிஓ திறந்தது, இன்று எல்ஜி. பெஞ்சில் இப்போது ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின். தினேஷ் பத்து நாள் முன்பு செம்பு பேசியவன், இன்று யார் வீட்டில் எந்த ஏசி என்று கணக்கெடுக்கிறான்.

அக்டோபர் 14, செவ்வாய்

1,140 ரூபாய் எல்ஜி 1,710-ல் திறந்தது. எங்கள் பெஞ்சில் ஒருவருக்கும் அலாட் ஆகவில்லை. நேற்றைய டாடா கேப்பிடல் 326-லிருந்து 330. அது வாத்தியாருக்கு விழுந்தது. இன்று அவர் டீக்கு வரவில்லை.

அம்மாவின் 64 அப்படியே இருக்கிறது. மாதக் கடைசியில் ஆங்கர் முதலீட்டாளர்கள், அதாவது ஐபிஓ திறக்கும் முன்பே வாங்கிய பெரிய நிறுவனங்கள், வைத்திருக்கும் பங்கில் பாதிக்கு 30 நாள் லாக்-இன் (விற்கக் கூடாத காலம்) முடியும். அப்போது யாராவது பெரிய கை விற்றால் கொஞ்சம் ஆடும், ஆடட்டும். காலாண்டு முடிவு வரும்போது விற்பனை எத்தனை கோடி ஏறியது என்று பார்க்கப் போவதில்லை. ஈய விலை ஏறினாலே அந்த எண் தானாக ஏறும். டன்னுக்கு என்ன மிஞ்சியது, கடன் எவ்வளவு இறங்கியது, வட்டி எவ்வளவு குறைந்தது, இந்த மூன்றும் போதும். சரியில்லை என்றால் விற்க வேண்டும் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன். நல்ல நாள் பார்த்து விற்கலாம் என்றார்.

மச்சான் அடுத்த ஐபிஓவுக்கு அம்மாவின் ஓடிபி கேட்டு உள்ளே போயிருக்கிறான். ரொம்ப நேரமாகிறது, இன்னும் வெளியே வரவில்லை.