ஒரு இனிஷியலுக்காக மூன்று தடவை கலெக்டர் ஆபீஸ்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அப்பாவுக்கு ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாய் அடைபடாமல் விரித்து வைக்கும் சின்னக் குழல்) வைத்தாயிற்று. ஆபரேஷனுக்கு ஒரு ரூபாய் கட்டவில்லை. அட்டை வாங்குவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது, அவ்வளவுதான். எங்கே இடிக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் மூன்று நடை ஒரே நடையாகியிருக்கும்.

முதல் நடை வருமானச் சான்றால் வீணானது. விண்ணப்பப் படிவத்தில் விஏஓ கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தது. தொகையை எண்ணில் மட்டும் போட்டுவிட்டு எழுத்தில் போடாமல் விட்டிருந்தார், தேதியும் இல்லை. கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டுக் கவுன்டரில் இருந்தவர் படிவத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் திருப்பித் தள்ளினார். விஏஓ முன்னால் நிற்கும்போதே நான்கைச் சரிபாருங்கள்: தொகை எண்ணிலும் எழுத்திலும், 'ஆண்டு வருமானம்' என்ற சொல், தேதி, முத்திரை. வரம்பு 1,20,000 ரூபாய், அதுவும் மொத்தக் குடும்ப வருமானம். பழைய 72,000 கணக்கையே இன்னும் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அது 2022-லேயே மாறிவிட்டது.

இரண்டாவது நடைதான் இன்னும் எரிகிறது. ஆதாரில் பெயர் 'முருகேசன் ஆ', குடும்ப அட்டையில் வெறும் 'முருகேஷ்' என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கே தெரியும் அது ஒரே ஆள் என்று. கம்ப்யூட்டருக்குத் தெரியாது. "சரி பண்ணிட்டு வாங்க" என்பதோடு பேச்சு முடிந்தது. எதைச் சரி பண்ணுவது என்று யாரும் சொல்லமாட்டார்கள், எனவே நான் சொல்கிறேன். ஆதாரைத் தொடாதீர்கள். அதில் பெயர் மாற்ற வேறு ஆவணம் வேண்டும், நாளும் பிடிக்கும். வங்கி, ஓய்வூதியம், சிலிண்டர் எல்லாம் அதோடு கட்டியிருக்கிறது. குடும்ப அட்டையில் உள்ள பெயரை ஆதாரில் இருப்பதுபோல மாற்ற மனு போடுங்கள். இ-சேவை மையத்தில் போட்டுவிட்டு, ஒப்புகைச் சீட்டோடு வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு நேரிலும் போய் நின்றால் வேகமாக நகரும். நோயாளிக்குத் தேதி குறித்திருக்கிறார்கள் என்றால் மருத்துவமனைச் சீட்டையும் காட்டுங்கள்.

இன்னொன்று, பெற்றோரின் பெயர் எந்தக் குடும்ப அட்டையில் இருக்கிறது என்பதை நோய் வருவதற்கு முன்பே யோசிக்க வேண்டும். ஆண்டுக்கு 5 லட்சம் என்பது தலைக்கு அல்ல, குடும்பத்துக்கு. மகனின் அட்டையில் பெற்றோர் இருந்தால் அந்த 5 லட்சம் எல்லாருக்கும் பொது. மகனின் வருமானமும் கணக்கில் சேரும். தனியாக வாழும் பெற்றோருக்குத் தனி அட்டை இருந்தால் அவர்கள் தனிக் குடும்பம். ஆஸ்பத்திரியில் படுத்தபின் இதைப் பிரிக்க முடியாது.

மூன்றாவது நடை சுமுகம்: டோக்கன், போட்டோ, பதிவு, கையில் ஒரு தாள். பிளாஸ்டிக் அட்டைக்காகக் காத்திருக்க வேண்டாம், அந்தத் தாளில் உள்ள காப்பீட்டு எண் இருந்தால் போதும். ஆதாரோடு இணைத்த செல்போன் மட்டும் கையில் இருக்கட்டும். வயதானவர்களுக்கு, அதுவும் வயல் வேலை பார்த்த கைகளுக்கு, ரேகை பதிவது சிரமம். அப்போது ஓடிபிதான் காப்பாற்றும்.

இனி ஆஸ்பத்திரி. 'காப்பீட்டுத் திட்டம் உண்டு' என்ற போர்டைப் பார்த்து உள்ளே போய்விடாதீர்கள். அங்கீகாரம் துறை துறையாகத்தான் தருகிறார்கள். இதய சிகிச்சைக்கு இருக்கும் இடத்தில் எலும்பு முறிவுக்கு இருக்காது. ரிசப்ஷனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் 'இருக்கு சார்' என்பார்கள். காப்பீட்டு மேசை தனியாக இருக்கும். நோயின் பெயரைச் சொல்லி அங்கே கேளுங்கள்.

அடுத்து முன் அனுமதி. சிகிச்சைக்கு முன்னால் மருத்துவமனை ஆவணங்களை ஏற்றி, காப்பீட்டுத் தரப்பு சரி என்ற பிறகுதான் கத்தி வைப்பார்கள். முதலில் பணம் கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்ற கணக்கு இதில் கிடையாது, கட்டினால் போனதுதான். ஆஞ்சியோவுக்கு (அடைப்பு எங்கே என்று பார்க்கும் சோதனை) ஓர் அனுமதி, ஸ்டென்டுக்கு இன்னோர் அனுமதி. இரண்டாவது அனுமதிக்கு அனுப்பியது 'கொயரி' என்று திரும்பிவந்தது. அது மறுப்பு என்று நினைத்து நகையை அடகு வைக்கக் கிளம்பிய ஒரு குடும்பத்தைப் பக்கத்துக் கட்டிலில் பார்த்தேன். கொயரி என்றால் ஏதோ ஒரு தாள் குறைகிறது என்று அர்த்தம். எங்களுக்குக் குறைந்தது எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டில் டாக்டர் கையெழுத்து. எந்தத் தாள் என்று கேட்டு வாங்கிக் கொடுங்கள், மறுபடி ஏற்றுவார்கள்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் பணம் வரும் வழி. அரசு வரிப்பணத்திலிருந்து குடும்பத்துக்கு இவ்வளவு என்று காப்பீட்டு நிறுவனத்துக்குப் பிரீமியம் கட்டுகிறது (2022 ஜனவரியில் தொடங்கிய ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 849 ரூபாய்). 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைத்தபிறகு, அந்தப் பட்டியலில் வரும் குடும்பங்களுக்கு மத்திய அரசின் பங்கும் சேர்கிறது. மருத்துவமனைக்கு ஒவ்வொரு சிகிச்சைக்கும் முன்பே நிர்ணயித்த தொகைதான் போகும். ஒரு தாள் குறைந்தால் அந்தத் தொகை நிற்கும். மேசையில் இருப்பவர் நம்மிடம் எரிந்து விழுவது அந்தப் பயத்தில்தான். எரிந்து விழாமலும் சொல்லலாம், அது வேறு விஷயம். அரசு மருத்துவமனையில் எல்லாம் இலவசம்தானே, அங்கே எதற்கு அட்டை கேட்கிறார்கள் என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். அந்தச் சிகிச்சைத் தொகை அரசு மருத்துவமனைக்கும் வரவாகிறது. அட்டை இருந்தால் கொடுங்கள்.

'அட்டையில் சாதாரண ஸ்டென்ட்தான் வரும், நல்லது வேண்டுமானால் வித்தியாசத்தைக் கட்டுங்கள்' என்று ஒருவர் காதோடு சொன்னார். 2017 பிப்ரவரியிலேயே ஸ்டென்ட் விலைக்கு மத்திய அரசு உச்சவரம்பு வைத்துவிட்டது. மருந்து பூசிய ஸ்டென்டுக்கு அப்போது 29,600 ரூபாய், பிறகு ஏறியிருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த சிகிச்சைக்கு நோயாளியிடம் தனியாகப் பணம் வாங்கக் கூடாது. "எழுதிக் கொடுங்க, 1800 425 3993-க்குப் போன் பண்ணிக் கேட்டுக்கிறேன்" என்றேன். வித்தியாசம் காணாமல் போனது. அது திட்டத்தின் கட்டணமில்லா உதவி எண், செல்போனில் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

சாலை விபத்து என்றால் இந்த அலைச்சல் எதுவும் வேண்டாம். 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் முதல் 48 மணி நேரத்துக்கு அட்டை கேட்கமாட்டார்கள். வெளிமாநிலத்துக்காரர் என்றாலும் சரி. அந்த நேரத்துக்குள் வீட்டில் ஒருவர் அட்டைக்கு ஓடிவிட வேண்டும்.

டிஸ்சார்ஜ் அன்று கையெழுத்து வாங்கும் தாளில் தொகைக் கட்டம் காலியாக இருந்தால் போடாதீர்கள், நிரப்பச் சொல்லுங்கள். ஸ்டென்ட் பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கரில் நீளம், விட்டம், பேட்ச் எண் இருக்கும். அதை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். எங்களுக்கு ஒட்டவில்லை, கேட்டபிறகு டிராயரிலிருந்து எடுத்து ஒட்டினார்கள். வீட்டுக்கு வந்தபின் மாதாமாதம் மாத்திரை போட வேண்டும். சம்மரியின் நகலோடு பக்கத்து அரசு மருத்துவமனை ஓபியில் பதிந்தால் க்ளோபிடோக்ரெல், ஆஸ்பிரின், அடோர்வாஸ்டாட்டின் அங்கேயே இலவசம். நாங்கள் இரண்டு மாதம் கடையில் வாங்கிய பிறகுதான் இது தெரிந்தது.