குளத்துக்கரையில் 12 நாற்காலி

பெரியவர்களைக் குளத்துக்குப் பறவை பார்க்க முதல் தடவை கூட்டிப்போய்விட்டு வந்த அன்று, வேனிலிருந்து சாமான்களை இறக்கும்போதுதான் கவனித்தேன். 20 தண்ணீர் பாட்டில் கொண்டுபோயிருந்தோம். டிரைவரும் நானும் குடித்த இரண்டைத் தவிர மற்ற 18-ம் மூடி திறக்காமல் கிடந்தன. காலை ஆறு மணியிலிருந்து பத்தரை வரை வெளியில் இருந்த 11 பேர், எல்லோரும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள், ஒரு மடக்குக்கூடக் குடிக்கவில்லை. மார்கழிக் குளிர், தாகம் எடுத்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன இயற்கைக் கல்வி அமைப்பில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் குளங்களுக்குக் கூட்டிப்போய்ப் பறவை காட்டுவதுதான் பெரும்பாலும் வேலை. பிள்ளைகளோடு கஷ்டம் என்றால் அவர்களை ஒரு இடத்தில் நிற்கவைப்பதுதான். ஓய்வு பெற்ற சிலர் ‘எங்களையும் கூட்டிட்டுப் போயேம்மா’ என்று கேட்டபோது நான் பெரிதாக யோசிக்கவில்லை. 3 கிலோமீட்டர் நடையை ஒன்றரை ஆக்கினேன், மெதுவாகப் போனால் போதும் என்று நினைத்தேன்.

அந்தக் குளத்தின் பெயர் வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த பேய் மழைக்குப் பிறகு கரையில் சரளை கொட்டியிருந்தார்கள். கால் வைத்தால் உருளும். மேலே ஏறும் படி ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். ஏறினார்கள், நடந்தார்கள், திரும்பும்போது எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: “ரொம்ப நல்லா இருந்துதும்மா.” அடுத்த மாதம் நான்கு பேர்தான் வந்தார்கள்.

ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டேன். பேரனுக்குப் பரீட்சை, சொந்தத்தில் கல்யாணம், ஜலதோஷம். உண்மையைச் சொன்னது ஒரே ஒருவர், 74 வயது, தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்.

“உங்கிட்ட சொல்லுததுக்கு என்ன. அங்கன ஒண்ணுக்குப் போக இடம் உண்டுமா? ஆம்பளைய எங்கனயாவது ஒதுங்கிருவாவ. நாங்க என்ன செய்ய? முந்தின நா ராத்திரியே தண்ணி குடிக்கத நிறுத்திட்டேன். காலைல நீர் மாத்திரையும் போடல.”

“நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே டீச்சர்?”

“வேன் நிறைய ஆளு. எனக்காவ நிறுத்தச் சொல்லவா?”

அந்த 18 பாட்டிலும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுத்த மாத்திரையை ஒருவர் தாமாகவே விட்டுவிட்டு, தண்ணீரும் குடிக்காமல், நான் காட்டிய பூநாரையைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். ஏதாவது ஆகியிருந்தால்?

அதற்குப் பிறகு நான் ‘முடியுமா?’ என்று யாரிடமும் கேட்பதில்லை. நம் ஊர்ப் பெரியவர்களிடம் அப்படிக் கேட்டால் ஒரே பதில்தான் வரும், “அதெல்லாம் முடியும்.” பிறத்தியாருக்குப் பாரமாகிவிடக் கூடாது என்பதில் அவ்வளவு உறுதி. அதனால் கேட்பதை விட்டுவிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். போவதற்கு இரண்டு நாள் முன்னால் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு போகும்: “கரை ஏற ஒன்பது படி, கைப்பிடி கிடையாது, என் தோளைப் பிடிச்சுக்கிடலாம். மேல ஏறுன பொறவு நடை 200 மீட்டர்தான். போற வழியில பெட்ரோல் பங்க்ல ஒரு தடவை நிக்கும், அங்க எல்லாரும் எறங்குறோம். குளத்துலயும் ஏற்பாடு இருக்கு. மாத்திரைய வழக்கம்போலப் போடுங்க, மாத்தணும்னா டாக்டர்ட்ட கேட்டுட்டு மாத்துங்க.”

‘குளத்துலயும் ஏற்பாடு’ என்றது ஒரு கமோடு சேர். நோயாளிகளுக்கு வாடகைக்கு விடுவார்களே, அதுதான். சுற்றி நான்கு கம்பு நட்டுப் பந்தல் துணி, அடியில் வாளி, வாளியில் மரத்தூள். அதை எங்கே வைப்பது என்பதே பெரிய கணக்கு. கரைக்கு ரொம்பப் பக்கமாக வைத்தால் வெட்கம், தள்ளி வைத்தால் சீமைக்கருவேல முள்ளுக்குள் நடக்க வேண்டும். சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போனவருக்கு முள் குத்தினது வீட்டுக்குப் போய் ரத்தம் பார்த்த பிறகுதான் தெரியும். ஒரு வழியாக இடம் பார்த்து வைத்தோம். முதல் நாள் யாரும் அந்தப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. பிறகு நானே எல்லோரும் பார்க்க எழுந்து போய் வந்தேன். ஐந்து நிமிடத்தில் டீச்சர் போனார். அன்றைக்கு மட்டும் ஏழு பேர், அதில் மூன்று பேர் ஆண்கள். ‘ஆம்பளைய ஒதுங்கிருவாவ’ என்பது புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்குப் பொருந்தாது என்பதும் அன்றுதான் தெரிந்தது. வாளியைச் சுத்தம் செய்வது நான்தான். என் வேலை விவரக் குறிப்பில் இது இல்லை.

சாப்பாட்டிலும் ஒரு பாடம் கிடைத்தது. ஒன்பது மணிக்குக் கரையில் உட்கார்ந்து இட்லி, மிளகாய்ப்பொடி என்று அழகாகத் திட்டம் போட்டிருந்தேன். ஒருவர் விடிகாலையிலேயே சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு வந்திருக்கிறார். எட்டு மணிக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறியது. வாயில் கருப்பட்டித் துண்டைக் கொடுத்து உட்காரவைத்தோம், கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். இப்போதெல்லாம் இட்லி வேனிலேயே, கிளம்பின உடனே. வேன் மணக்கும், மணக்கட்டும்.

நாற்காலிக்கு வருகிறேன். முதலில் மடக்கு ஸ்டூல் வாங்கினோம். தூக்கச் சுலபம், பார்க்கவும் அழகு. உட்கார்ந்தவர்கள்தான் எழுந்திருக்க முடியவில்லை. தாழ்வான இருக்கை, பிடிக்கக் கை கிடையாது, முழங்கால் மட்டும் உடம்பு முழுவதையும் தூக்கியாக வேண்டும். பந்தல் கடையில் வாடகைக்குத் தரும் கை வைத்த பிளாஸ்டிக் சேர்தான் சரிப்பட்டது. 12 சேரைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போவோம். ஈர வண்டலில் பின்கால் இறங்கி ஒருவர் மல்லாக்கச் சாய்ந்த பிறகு, அடியில் பலகை போடுகிறோம்.

எங்கே போடுவது? நம் பக்கத்து நிலம் மேற்கு மலையிலிருந்து கிழக்கே சரிவதால் பெரும்பாலான குளங்களுக்குக் கரை கிழக்கில்தான் இருக்கும். காலையில் அந்தக் கரையில் மேற்கே பார்த்து உட்கார்ந்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால். தண்ணீர் கூசாது, பறவையின் நிறம் துலங்கும். கண்ணில் புரை இருப்பவர்களுக்கு இந்த ஒரு விஷயமே பாதி. குளத்தை வெட்டினவர்கள் எங்களுக்காக யோசித்துக் கட்டவில்லைதான், ஆனாலும் நன்றி. சாயங்காலம் அதே கரைக்குக் கூட்டிப்போகாதீர்கள், தகதகவென்று வெள்ளித்தட்டு மட்டும்தான் தெரியும்.

பைனாகுலரில் பெரிது நல்லது என்று நினைத்து 12 மடங்கு வாங்கிவந்தவர் ஒருவர் உண்டு. 12 மடங்கு பெரிதாக்கினால் கை நடுக்கமும் 12 மடங்கு தெரியும், நாரை பரதநாட்டியம் ஆடும். 8 மடங்கு, 42 மில்லிமீட்டர் போதும். அதையும் கழுத்தில் தொங்கவிடாமல், இரண்டு தோளிலும் ஏறும் பட்டையில் மாட்ட வேண்டும். கண்ணாடி போட்டவர்கள் கண்பக்கத்து ரப்பரைத் திருகி உள்ளே இறக்கிக்கொள்ள வேண்டும். இதைச் சொல்லித்தராமல்தான் ‘எனக்கு ஒண்ணுமே தெரியலை’ என்று எத்தனை பேர் ஒதுங்கினார்கள்! முக்காலியில் நிற்கும் பெரிய தொலைநோக்கியை உட்கார்ந்தவர் கண்மட்டத்துக்கு இறக்கிவிட்டோம், நிற்பவர்கள் குனியட்டும். ஒரு கண்ணை மூடிப் பார்க்க வராதவர்களுக்கு அதில் செல்போனை மாட்டித் திரையில் காட்டுவோம், மேலே குடை பிடித்து. பிறகு, கிசுகிசுக்கக் கூடாது. பறவை நடை என்றாலே குசுகுசுவென்று பேசிப் பழகிவிட்டோம், காது மந்தமானவருக்குக் கிசுகிசுப்பு வெறும் காற்று. முகத்தைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சாதாரணமாகப் பேசினால் கேட்கும். நாரை ஒன்றும் பறந்துபோகாது.

படி ஏற முடியாதவர்களுக்குக் கூந்தன்குளத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மூலைக்கரைப்பட்டி வழியாகப் போக வேண்டும். 1994-ல் சரணாலயம் ஆனது, 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்ததாக அறிவித்தார்கள். அங்கே கண்காணிப்புக் கோபுரம் உண்டு, எங்கள் கூட்டத்துக்கு அது வேண்டாம். வீட்டுப் பின்வாசல் மரங்களிலேயே மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டும் ஊர் அது. தெருவில் சேர் போட்டு உட்கார்ந்தால் தலைக்கு மேல் குஞ்சு கத்தும். எச்சம் விழும், குடை எடுத்துப்போவது நல்லது. பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர். எச்சம் கலந்த குளத்துத் தண்ணீரும் வண்டலும் வயலுக்கு உரம்.

வீரவநல்லூர்ப் பக்கம் திருப்புடைமருதூருக்கும் போவோம். கடனா நதி தாமிரபரணியில் சேரும் இடம். கோவிலையொட்டின மருத மரங்களிலும் இலுப்பை மரங்களிலும் பறவைகள் அடையும். 2005-ல் பாதுகாப்புக் காப்பகமாக (Conservation Reserve) அறிவித்தார்கள், அந்த வகையில் நாட்டிலேயே முதலாவது. ஆனால் எங்களுக்கு அங்கே கிடைத்த லாபம் வேறு. ‘கொக்கு பாக்கப் போறேன்’ என்று மகனிடம் சொல்லக் கூச்சப்படும் ஆச்சிகள், ‘நாறும்பூநாதர் கோவிலுக்குப் போறேன்’ என்று தலை நிமிர்ந்து சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். அவ்வளவு தூரமும் முடியாதவர்களுக்குத் திருநெல்வேலி டவுனில் நயினார்குளம் இருக்கிறது. மார்க்கெட் இரைச்சல்தான், ஆனால் ஆட்டோவிலிருந்தே நீர்க்காகத்தையும் முக்குளிப்பானையும் பார்க்கலாம்.

பெரியவர்கள் வந்தால் பறவையைப் பற்றிப் பழைய ஞானமெல்லாம் கொட்டுவார்கள் என்று எனக்கு ஒரு கற்பனை இருந்தது. மானூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், 80 வயது, தொலைநோக்கியில் மடையானை ரொம்ப நேரம் பார்த்தார். நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில் நின்றேன். நிமிர்ந்து, “குழம்பு வச்சா நல்லாருக்கும்” என்றார். நீலத் தாழைக்கோழியைக் காட்டினேன். “இவனா? நாத்தையெல்லாம் மிதிச்சு நாசம் பண்ணுவான். கவண் வச்சு அடிச்சிருக்கேன். இதப் போயி துட்டு குடுத்துப் பாக்கியளோ?” ஆனாலும் மனிதர் அடுத்த மாதம் வந்தார். அதற்கடுத்த மாதமும் வந்தார்.

தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011-லிருந்து ஜனவரி மாதம் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. போன முறை எங்கள் நாற்காலிக் கூட்டமும் ஒரு குளத்தில் எண்ணிப் பார்த்தது. கூட்டத்தில் ஒருவர் வங்கிக் காசாளராக இருந்தவர். சீழ்க்கைச் சிறகிக் கூட்டம் ஒன்றைக் காட்டி, பத்துப் பத்தாக எண்ணுங்கள் சார் என்றேன். “நூறு நோட்டு ஒரு கட்டும்மா, பத்தெல்லாம் எதுக்கு” என்று கண்ணாலேயே கட்டுப் போட ஆரம்பித்தார். என் உதவியாளப் பையன் நடந்து நடந்து எண்ணியதற்கும் அவர் உட்கார்ந்து எண்ணியதற்கும் கொஞ்சம் வித்தியாசம் வந்தது. மறுபடி எண்ணினோம். பையன்தான் ஒரு மூலையை விட்டிருந்தான். அதற்குப் பிறகு சார்வாளைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அன்று டீச்சரும் வந்திருந்தார். வலது கண் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம். தாழைக்கோழியை முதலில் இடது கண்ணால் பார்த்தார், பிறகு வலது கண்ணால், மறுபடியும் இடதால். “இந்தக் கண்ணுல பழுப்பா இருக்குட்டி, அந்தக் கண்ணுலதான் நீலம்” என்றார். பாட்டில்களை எண்ணும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. சுக்குக்காப்பி கேனைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கம் போனபோது, குடித்து முடித்த டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தார்.

“இன்னும் அரை டம்ளர் ஊத்து.”