‘ஆன்ட்டி’ என்று அழைத்த இரவு

“நான் உன் ஆன்ட்டி இல்லை. என் பெயர் கதவில் எழுதியிருக்கிறது. அதற்கு முன்னால் மிஸஸ் சேர்த்துக் கூப்பிடு.”

அவர் இதைச் சத்தமாகச் சொல்லவில்லை. இரத்த அழுத்தம் பார்ப்பதற்காக நீட்டிய கையை மெதுவாகப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார். அவர் என் நோயாளி, 88 வயதுக் கறுப்பினப் பெண். இடுப்பெலும்பு முறிவுக்கான அறுவை சிகிச்சை முடிந்து ஆறாவது இரவு. 2019-இன் இறுதியில், சிகாகோவில் ஒரு மறுவாழ்வு மையத்தில் நான் செவிலியராக இரவுப் பணி பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடனே மன்னிப்புக் கேட்டேன். கேட்டதோடு நிறுத்தாமல், “எங்கள் ஊரில் பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைக்க மாட்டோம், அப்படி அழைப்பதுதான் மரியாதை” என்றும் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த இரண்டாவது வாக்கியத்தை ஏன் சொன்னேன் என்று இத்தனை ஆண்டுகளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். தவறு செய்தவள் நான் என்பதை ஒப்புக்கொண்ட அதே மூச்சில், புரிந்துகொள்ள வேண்டியவர் அவர் என்று ஆக்கிவிட்டேன்.

ஆனாலும் என்னை உறுத்துவது அந்தச் சொல் மட்டுமல்ல. அதிகாலை நான்கு மணிக்குக் கணினியில் நான் பதிந்த குறிப்பு இது: “நோயாளி எரிச்சலுடன் காணப்பட்டார். இரத்த அழுத்தம் பார்க்க அனுமதிக்கவில்லை. வலியின் அளவைக் கேட்டதற்குப் பதில் தரவில்லை.” இதில் பொய் எதுவும் இல்லை. அன்றிரவு என் பொறுப்பில் பதினாறு பேர் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் நீண்ட விளக்கம் எழுத எந்தச் செவிலியருக்கும் நேரம் இருப்பதில்லை. கையை அவர் இழுத்துக்கொண்டது உண்மை, பதில் சொல்லாததும் உண்மை. அதற்கு முந்தைய நிமிடத்தில் நான் அவரை என்னவென்று அழைத்தேன் என்பதை மட்டும் எழுதவில்லை.

காலையில் பணியை ஒப்படைக்கும்போது, இயன்முறை மருத்துவர் திரையைப் பார்த்துவிட்டு, “இன்று அவர் மனநிலை சரியில்லை போலிருக்கிறது, நடைப்பயிற்சியை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்” என்றார். வலியின் அளவு பதிவாகாததால் மாத்திரையின் அளவைக் கூட்டும் முடிவும் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. அந்த ஒரு நாளால் அவருக்குத் தீங்கு நேர்ந்தது என்று என்னால் சொல்ல முடியாது. நேரவில்லை என்றும் சொல்ல முடியாது. இடுப்பெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு படுக்கையிலேயே கழியும் நாள்கள் காலில் இரத்தம் உறைவதற்கும் நுரையீரலில் தொற்று ஏற்படுவதற்கும் இடம் கொடுக்கும் என்பது எனக்குப் பாடமாகவே சொல்லித்தரப்பட்டது.

அந்தச் சொல்லில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்க வைத்தவர் என்னோடு பணியாற்றிய உதவியாளர், முப்பது வயதுக் கறுப்பினப் பெண். அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் வெள்ளையர்கள் கறுப்பினத்தவருக்கு மிஸ்டர், மிஸஸ் என்ற அடைமொழிகளைத் தர மறுத்தார்கள் என்றும், இளம் பெண்ணாக இருந்தால் வெறும் பெயர், வயதானவராக இருந்தால் ‘ஆன்ட்டி’ என்று அழைத்தார்கள் என்றும் அவர் சொன்னார். எங்கள் மொழியில் மரியாதையைச் சேர்க்கும் உறவுச்சொல், அங்கே மரியாதையைத் தராமல் இருப்பதற்காகவே பயன்பட்டிருக்கிறது. பிறகு நானாகத் தேடிப் படித்தபோது, கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய மேரி ஹாமில்டனைப் பற்றித் தெரிந்துகொண்டேன். 1963-இல் அலபாமாவில் ஒரு நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் அவரை ‘மேரி’ என்று விளித்துக் கேள்வி கேட்டார். ‘மிஸ் ஹாமில்டன்’ என்று அழைத்தால்தான் பதில் சொல்வேன் என்று அவர் மறுத்தார். நீதிமன்ற அவமதிப்பு என்று ஐந்து நாள் சிறையும் 50 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. அந்தத் தண்டனையை உச்ச நீதிமன்றம் 1964-இல்தான் நீக்கியது. என் நோயாளிக்கு அப்போது முப்பது வயதுக்கு மேல். எனக்கு வரலாறாக இருந்தது அவருக்கு வாழ்ந்து கழித்த நாள்.

சில நாள்கள் கழித்து அவராகவே பேசினார். அந்த இரவைப் பற்றி அல்ல, தன் தாயைப் பற்றி. மிசிசிப்பியில் ஒரு வெள்ளையர் வீட்டில் அவருடைய தாய் சமைத்தார், துணி துவைத்தார், பிள்ளைகளை வளர்த்தார். அந்த வீட்டில் அவரது முழுப்பெயர் யாருக்காவது தெரியுமா என்பதே மகளுக்குச் சந்தேகம். நடக்க முடிகிறவரை அவர் வேலை செய்தார். 1935-இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் வயலில் உழைப்பவர்களையும் வீட்டு வேலை செய்பவர்களையும் ஓய்வூதியத்திலிருந்து விலக்கி வைத்திருந்தது. தெற்கின் கறுப்பினப் பெண்களுக்குப் பெரும்பாலும் கிடைத்த வேலைகள் அந்த இரண்டும்தான். வீட்டு வேலை செய்பவர்களில் ஒரு பகுதியினரைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது 1950-ஆம் ஆண்டுத் திருத்தம். “அம்மாவுக்கு முதுமை வந்தது, ஓய்வு வரவில்லை” என்றார் அவர். நான் அவருடைய காலுறையைச் சரிசெய்துகொண்டிருந்தேன், நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்த ஆண்டு ஜூனில், ‘ஆன்ட் ஜெமைமா’ என்ற பெயரையும் பொட்டலத்தில் சிரிக்கும் கறுப்பினப் பெண்ணின் படத்தையும் கைவிடுவதாக அந்தப் பான்கேக் மாவு நிறுவனம் அறிவித்தது. அந்தப் பொட்டலத்தை என் சமையலறையில் நானும் வைத்திருந்தவள். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அந்த வேடத்தில் நின்று மாவைச் சுட்டுக் கொடுத்தவர் நான்சி கிரீன். அடிமையாகப் பிறந்தவர், அப்போது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தவர். 1923-இல் இதே சிகாகோவில் காலமானார். அவர் தாங்கிய முகம் நாடு முழுவதும் கடைகளில் சிரித்துக்கொண்டிருக்க, அவருடைய சொந்தப் பெயரோடு ஒரு கல்லறைக் கல் நிற்க 2020 ஆனது. வயதான கறுப்பினப் பெண் என்றால் வலியில்லாமல், கோபமில்லாமல், பரிமாறிக்கொண்டே இருக்கும் சிரித்த முகம் என்று எத்தனை தலைமுறைக்குப் பழக்கியிருக்கிறார்கள்! எங்கோ தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டியிருந்ததா என்பதுதான் கேள்வி. யார் கையை இழுத்துக்கொண்டிருந்தாலும் அதே குறிப்பைத்தான் எழுதியிருப்பேன் என்று முதலில் உறுதியாக நம்பினேன். ஆனால் அதே வாரத்தில் ஒரு வெள்ளைக்கார முதியவர் தண்ணீர்க் குவளையை என்மீது வீசியிருந்தார். அவரைப் பற்றி நான் எழுதியது, “உறக்கமின்மையால் அவதிப்படுகிறார்” என்று. சிரிக்காத முதிய கறுப்பினப் பெண்ணை எழுத என்னிடம் இருந்தது ‘எரிச்சல்’ என்ற ஒரு சொல்தான்.

சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 18,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்ட கட்டுரையில், எதிர்மறையான சொல் ஒன்றாவது இடம்பெறும் வாய்ப்பு வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கு இரண்டரை மடங்கு அதிகம் என்று கண்டிருந்தார்கள். படித்தபோது ஒரு கணம் ஆறுதலாக இருந்தது, நான் மட்டும் இல்லையே என்று. அந்த ஆறுதலுக்காகப் பிறகு வெட்கப்பட்டேன்.

இதற்கெல்லாம் நேர்மாறான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய தேவாலயத்திலிருந்து வந்தவர்கள் அவரை ‘மதர்’ என்று அழைத்தார்கள். அது அங்கே மூத்த பெண்களுக்குச் சபை கொடுக்கும் பட்டம். அந்த அழைப்பைக் கேட்டதும் அவர் தலையணையில் சற்று நிமிர்ந்து உட்காருவார். ஆகவே உறவுச்சொல் அவருக்கு ஆகாததல்ல. யார் வாயிலிருந்து வருகிறது, எதைக் கொடுத்துவிட்டு வருகிறது என்பதையே அவர் பார்த்திருக்க வேண்டும். அப்படியானால் எந்தச் சொல்லைச் சொல்லியிருந்தாலும் அன்றிரவு நான் தவறியிருப்பேனா? கேட்டிருந்தால் போதும் என்கிறார்கள் சக பணியாளர்கள். நான் இப்போது எல்லோரிடமும் கேட்கிறேன். ஆனால் கேட்பதும் சில நாள்களில் வெறும் வாய்ப்பாடாகிவிடுகிறது.

“எங்கள் ஊரில் பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைக்க மாட்டோம்” என்று அவரிடம் சொன்னேன் அல்லவா, அதுவும் முழு உண்மை இல்லை. எங்கள் வீட்டுத் தொழுவத்தில் வேலை செய்த மூதாட்டிக்கு என் பாட்டியைவிட வயது அதிகம். அவர் சேரியிலிருந்து வருபவர் என்பதால், எட்டு வயதில் நான் அவரைப் பெயர் சொல்லி, வா, போ என்று அழைத்தேன். யாரும் என்னைத் திருத்தவில்லை. அந்த மூதாட்டி கையை இழுத்துக்கொண்டதும் இல்லை. சிகாகோவில் அந்த வாக்கியத்தைச் சொன்னபோது அவர் என் நினைவிலேயே இல்லை.

மிஸஸ் வீடு திரும்புவதற்கு முந்தைய இரவு, என் பழைய குறிப்பைத் திறந்து கூடுதல் விவரம் சேர்க்கும் கட்டத்தில் எழுதத் தொடங்கினேன். “செவிலியர் நோயாளியை ஆன்ட்டி என்று” என்பதுவரை தட்டச்சு செய்திருந்தேன். எதிர் அறையில் அழைப்பு மணி அடித்தது. போய்விட்டுத் திரும்பியபோது கணினி தானாகப் பூட்டிக்கொண்டிருந்தது. சேமிக்காத அந்த வரி அழிந்துபோயிருந்தது. பணி முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. நான் மீண்டும் எழுதவில்லை.